பொட்டு வைத்த பதினாறு பொட்டலங்கள்

கள்ளிக்குப்பம் வேம்புலியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், கடிகாரம் தெரியும், அத்தோடு சரி. ஆனால் அந்தமான் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றில் நிற்கும் தென்னை மரங்கள் எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார்களே, அதில் அவள் கைக்கும் பங்கு உண்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த வேலையைக் கெடுத்ததும் அவள்தான், மறுபடி நிமிர்த்தியதும் அவள்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவள் கதை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கீழே போல்ட்டு நட்டு செய்யும் பட்டறை. மேலே செடி கொடி ஆராய்ச்சி. அதுவரை அவள் சித்தாள். நடவு நட்ட நிலமெல்லாம் மனைப்பிரிவாகிவிட, அதே நிலத்தில் எழும்பிய வீடுகளுக்குத் தலையில் செங்கல் சுமந்தவள். இந்த மாடியில் தரை துடைத்து, கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்தால் போதும். தலைக்கு மேல் மின்விசிறி. மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு. வெயில் படாத வேலை அவள் வாழ்நாளில் அதுதான் முதல். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து, மற்றவர்களுக்கு அரைமணி முன்னாலேயே வந்து படியில் நிற்பாள்.

அவள் புருஷன் வீராசாமிக்கு சைக்கிள் கம்பெனியில் வேலை. அவனுக்கு இந்த ஆராய்ச்சி பிடிபடவே இல்லை.

"இன்னாமே, உங்க கம்பெனில இன்னாதான் தயார் பண்றாங்கோ?"

"ஒண்ணும் தயார் பண்ணல. எங்கருந்து வந்தேன்னு கேக்குறாங்கோ."

"யார?"

"தென்ன மரத்த."

"மரம் வாயத் தொறந்து சொல்லுதாமா?"

"சொல்லுதுய்யா. அரைச்சா சொல்லுது."

அவன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம்.

அந்த மாடிக்குப் பெரியவர் டாக்டர் உலகநாதன். வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, செடிகளைப் படித்த டாக்டர். மெலிந்த மனுஷர், சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா. அவர் அந்தத் தீவுக்குக் கப்பலில் போய், பதினாறு தென்னைகளிலிருந்து இளம் ஓலை வெட்டி வந்திருந்தார். தீவின் வடகரையில் யாரும் நடாத தோப்பு ஒன்று. அங்கே எட்டு மரம். தென்கரையில் ஜனங்கள் குடியிருக்கும் ஊர். அங்கே எட்டு மரம். வடகரைத் தோப்பு கடலில் மிதந்து வந்த நெற்றுகளிலிருந்து தானாக முளைத்ததா, இல்லை ஊர்க்காரர்கள் கொண்டுவந்த மரங்களின் வாரிசா? இதுதான் கேள்வி. ஒவ்வொரு மரத்து ஓலையையும் வெள்ளித் தாளில் மடித்து, மேலே சீட்டு ஒட்டி நம்பர் போட்டு, உறைய வைக்கும் பெட்டியில் அடுக்கியிருந்தார். அவர் திரும்பி வந்த மறுமாதம் அங்கே புயல் அடித்தது. வடகரைத் தோப்பில் பாதி சாய்ந்துபோனதாகக் கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டு அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இனிமே அந்த மரங்கள் இங்கதான் இருக்கு" என்றார். கழுவிக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் காதிலும் அது விழுந்தது. விழுந்தது மட்டுமில்லை, தங்கிவிட்டது.

ஓலையை அரைக்கும் வேலை ஞானகுமாரியுடையது. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் பெண். படித்தவள், நல்ல சுபாவம். தென்னை ஓலை லேசில் மசியாது, நார் நாராக நிற்கும். அதனால் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிர்ந்த, புகை விடும் நைட்ரஜன் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார்கள். ஓலை அப்பளம் மாதிரி விறைத்து நொறுங்கும். அது இளகுவதற்குள் கல்வத்தில் மாவாக அரைத்துவிட வேண்டும். இளகிவிட்டால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். ஞானகுமாரி குத்துவாள், ஓலை எகிறும், மறுபடி குத்துவாள்.

இரண்டு மாதம் இதை வாசற்படியிலிருந்து பார்த்த வேம்புலியம்மாளுக்கு ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"குத்தாத கண்ணு. ஓரத்தோட சேத்து இழு. சுத்திகினே இழு."

"நீங்களே வந்து இழுங்கக்கா. என் கை போயிடுச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். இவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிஜமாகவே இழுத்துவிட்டாள். கல்வத்தில் இருந்தது பச்சை மாவு. முகத்துக்குப் பூசும் பவுடர்கூட அவ்வளவு நைசாக இருக்காது. பக்கத்து மேஜையிலிருந்து எழுந்துவந்த உலகநாதன் அதை விரலால் தொடாமல் வெறுமே உற்றுப் பார்த்தார்.

"நாளையிலிருந்து அரைக்கிறது நீங்கதாம்மா" என்றார்.

அந்த மாவை மருந்தில் கலக்கி, சூடாக்கி, சுற்றும் மெஷினில் சுற்றி, கடைசியில் சாராய வாசனை வரும் ஒன்றை மேலே ஊற்றுவார்கள். அப்போது குழாய்க்குள் வெள்ளையாகப் பஞ்சு நூல் மாதிரி ஒன்று மிதந்து எழும். "இதுதாங்க்கா டி.என்.ஏ. இந்த மரம் யாரு, அதோட அம்மா அப்பா யாருன்னு எல்லாம் இந்த நூலுக்குள்ளதான் இருக்கு" என்பாள் ஞானகுமாரி. அதில் துளி எடுத்து வேறொரு மெஷினில் பெருக்கி, ஜெல்லி மாதிரியான பலகையில் கரண்ட் வைத்து ஓடவிட்டால், ஊதா விளக்கில் ஆரஞ்சு நிறக் கோடுகள் ஏணிப்படி போலத் தெரியும். சொந்தக்கார மரங்களுக்குப் படிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். அந்நியர்களுக்கு மாறி விழும்.

ஒத்துப் பார்க்க இந்தப் பக்கத்து மரம் ஒன்றும் வேண்டும் என்றபோது வேம்புலியம்மாள், "எங்க ஊட்ல கீதே சார்" என்று மறுநாளே தன் வீட்டுத் தென்னையின் இளம் ஓலையோடு வந்து நின்றாள். அதை அவளே வெள்ளித் தாளில், பொட்டணம் கட்டுவது போல நாலு மூலையும் உள்ளே தள்ளி மடித்தாள். அது பதினேழாவது. பதினேழையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அரைத்து, மூன்று விதமாக ஓடவிட்டு, மூன்று படம் எடுத்தார்கள். படத்தின் அடியில் ஒன்று முதல் பதினேழு வரை நம்பர். இன்னும் பத்துப் பன்னிரண்டு விதமாக ஓடவிட்டால்தான் முடிவு சொல்ல முடியும் என்றார் உலகநாதன். மீதி ஓலை அதற்காகப் பெட்டியில் காத்திருந்தது.

அப்போதுதான் புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தெருவுக்குத் தெரு பூசணிக்காய்தான். கீழ்ப் பட்டறையில் மெஷினுக்கெல்லாம் மாலை. மேலே உலகநாதன் சொந்த ஊருக்குப் போயிருந்தார். ஞானகுமாரி பொரியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ரயிலுக்குப் போய்விட்டாள். மானேஜர் இராமகிருஷ்ணன், "ஏம்மா, எதையும் விடாம எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைப் பூஜைக்கு இறங்கிப் போனார்.

வேம்புலியம்மாள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றும் மெஷின், தராசு, ஊதா விளக்கு, கல்வம், துடைப்பம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது மனசு கேட்கவில்லை. தராசுக்கும் துடைப்பத்துக்கும் வைத்தாயிற்று. இந்த மாடியே எதற்காக நடக்கிறதோ அதற்கு வைக்க வேண்டாமா? சாய்ந்துபோன மரங்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கின்றன?

பெட்டியைத் திறந்தாள். பதினாறு பொட்டலத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். பொட்டலத்துக்கு நெற்றி எது? மேலே சீட்டு ஒட்டிய இடம்தான். எழுதியது தெரியாதபடி அதில் பனி பூத்திருந்தது. சாமி படத்தைத் துடைக்காமல் யாராவது பொட்டு வைப்பார்களா? ஈரத் துணியால் ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தாள். துணியில் நீலம் ஏறியது. அழுக்கு என்று நினைத்தாள். சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி பெட்டிக்குள் அடுக்கிவிட்டாள். அவள் வீட்டு ஓலைப் பொட்டலம் தனித் தட்டில் இருந்தது. நம்ம வீட்டு மரத்துக்கு நாமே எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஞானகுமாரி பெட்டியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினாறு நெற்றியிலும் பொட்டு. நம்பர் ஒன்றிலும் இல்லை.

இராமகிருஷ்ணன் கத்திய கத்தலில் கீழ்ப் பட்டறை மெஷினே நின்றது. "எவன் செஞ்ச வேலை இது? எவன்?"

"எவனும் இல்ல சார். நான்தான் வெச்சேன்" என்றாள் வேம்புலியம்மாள்.

"ரெண்டு வருஷ உழைப்பும்மா! எது வடகரை, எது தென்கரைன்னு இனி அந்தக் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. நீ போ. இன்னியோட நின்னுக்கோ."

அவள் நகரவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கல்வத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "போறேன் சார். கெடுத்தத சரி பண்ணிட்டுப் போறேன். அதுக்கு முன்னால நீங்க என்னத் தூக்கிகினு போனாத்தான் உண்டு."

"இத எப்படிம்மா நீ சரி பண்ணுவ?"

அவள் கல்வத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவில்லை.

பத்து மணிக்கு உலகநாதன் வந்தார். ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் என்று இருந்தது.

"எதுல எழுதியிருந்தேன் ஞானகுமாரி?"

"ஸ்கெட்ச் பேனாவுல சார்."

"ஈரம் பட்டா போற மையில. பனி பூக்கிற பெட்டிக்குள்ள." அவர் சட்டைப் பையிலிருந்த நாலு பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தார். "இராமகிருஷ்ணன், பாதித் தப்பு என்னோடது. என்னையும் நிறுத்துவீங்களா?"

இராமகிருஷ்ணன் வாசல் பக்கம் நகர்ந்தார். வேம்புலியம்மாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றவளுக்குப் பாதிப் பாரத்தை ஒருவர் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டால் வேறு என்ன செய்வாள்?

உலகநாதன் பழைய மூன்று படத்தையும் விரித்தார். "வேம்புலிம்மா, பெயர் சீட்டுல இல்ல, ஓலைக்குள்ள இருக்கு. மறுபடி அரைச்சு, மறுபடி ஓட்டி, இந்தப் படத்தோட ஒத்துப் பார்த்தா எது எந்த நம்பர்னு தெரியணும். ஆனா ஒரு சிக்கல். அன்னிக்கு வந்த கோடு இன்னிக்கும் அப்படியே வருமான்னு நம்ப முடியாது. அரைக்கிறது சரியில்லன்னா கோடு மாறிடும். அதனால தெரிஞ்ச ஒண்ணை முதல்ல ஓட்டிப் பார்ப்போம். பேரு தெரிஞ்சது ஏதாவது இருக்கா?"

"எங்க ஊட்டு மரம் கீது சார். அது என் மடிப்பு. ஆயிரத்துலயும் கண்டுபிடிப்பேன்."

அப்படித்தான் பொட்டு வைக்காமல் விட்ட கள்ளிக்குப்பத்துத் தென்னை சாட்சிக்கு வந்தது. அது பழைய படத்தோடு ஒத்துப்போனால் மற்றவையும் பிழைக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் பதினாறும் குப்பை.

அன்றைக்கு அவள் அரைத்தாள். கண் அடிக்கடி வாசல் பக்கம் போனது. நைட்ரஜன் தீர்ந்ததைக் கவனிக்காமல் இரண்டு சுற்று கூடுதலாக இழுத்துவிட்டாள். மறுநாள் ஊதா விளக்கில் பார்த்தபோது கோடே இல்லை. சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி நீளமாக ஒரே தீற்றல். இராமகிருஷ்ணன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். 

அன்று வீட்டில் வீராசாமி அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். இந்த முறை சிரிக்கவில்லை.

"இன்னா ஆச்சு?"

"இளகிப்போச்சுய்யா. பயந்துகினே அரைச்சேன்."

"சித்தாள் வேலைல நாலு மாடி ஏறுனப்போ பயந்தியா?"

"அப்ப தலைல கல்லு இருந்துச்சு. கீழ பாக்கத் தோணல."

"இப்பவும் கீழ பாக்காத." அவ்வளவுதான் சொன்னான். விடிந்ததும் அவனே துறட்டுக்கோலால் புது ஓலை அறுத்துத் தந்தான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். படத்தில் இருப்பது பழைய ஓலை. ஒப்பிடுவதும் அதோடுதான் என்று பிடிவாதம். இரண்டும் ஒரே மரம்தான், ஒரே மாதிரிதான் வரும் என்று ஞானகுமாரி பிறகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

இரண்டாவது தடவை ஞானகுமாரி பக்கத்திலேயே கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊத்தட்டாக்கா?" "ஊத்து." "இன்னும்?" "ஊத்து கண்ணு, புகை நிக்கக் கூடாது." வேம்புலியம்மாள் கல்வத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஓரத்தோடு சேர்த்து, சுற்றிக்கொண்டே இழுத்தாள். பச்சை மாவு.

மறுநாள் உலகநாதன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளையும் நிறுத்தி விளக்கைப் போட்டார். ஏணிப்படி மாதிரி ஐந்து கோடு. பழைய படத்தில் பதினேழாம் நம்பரின் மேல் விரலை வைத்தார். அங்கேயும் ஐந்து. மேலிருந்து மூன்றாவது தடித்திருந்தது. இங்கேயும் மூன்றாவதுதான் தடித்திருந்தது.

"ஒண்ணுதான் சார்" என்றாள் அவள், அவர் சொல்லும் முன்பே.

"ஒண்ணுதாம்மா."

ஞானகுமாரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வேம்புலியம்மாள் திருமுல்லைவாயில் சாமி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகு பத்து நாள் அரைத்தாள். மோர் குடிக்கக்கூட எழுந்திருக்கமாட்டாள். ஒவ்வொரு பொட்டலமாகப் பெயர் திரும்பி வந்தது. முதலில் வடகரை நாலு, அப்புறம் தென்கரை மூன்று. ஒரு படத்தில் இரண்டு மரம் ஒன்றுபோலத் தெரிந்தால் அடுத்த படம் பிரித்துக் காட்டியது. பதினான்கு முடிந்தது. கடைசி இரண்டும் தென்கரை மரங்கள்தான் என்று தெரிந்தது, ஆனால் எது ஒன்பது, எது பதினொன்று என்று மூன்று படமும் சொல்லவில்லை. ஒரே தாய் மரத்துப் பிள்ளைகளாக இருக்கலாம் என்றார் உலகநாதன்.

"ஏதாச்சும் ஒண்ணு போட்டுடுங்க சார். ரெண்டும் ஒரே ஊருதானே?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாதும்மா. ரெண்டையும் விட்டுட்டேன். ஏன் விட்டேன்னும் எழுதிடுவேன்."

"பொட்டு வெச்சதையுமா?"

"சீட்டு அழிஞ்சதுன்னு எழுதுவேன். பொட்டு நமக்குள்ள."

மார்கழிக்குள் முடிவு வந்தது. வடகரைத் தோப்பு தனிச் சாதி. கிழக்கே இன்னும் தூரத்தில் இருக்கும் தீவு மரங்களைப் பற்றி வேறு ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய படங்களோடு அதன் கோடுகள் சேர்ந்தன. அதைக் கடல்தான் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். ஊருக்குள் இருந்தவை இந்தக் கரையிலிருந்து போன ஜனங்கள் கையோடு எடுத்துப்போன நெற்றின் வாரிசுகள். கள்ளிக்குப்பத்து மரத்தின் கோடுகள் அவற்றோடுதான் கூடின. உலகநாதன் அந்தப் படத்தை அவளிடம் காட்டியபோது அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ அங்க எங்களுக்கு ஒறம்பொற, சொந்தக்காரங்கோ கீறாங்கோன்னு சொல்லுங்க." சாய்ந்து பிழைத்த வடகரை மரங்களை வெட்டாமல் காப்பாற்றச் சொல்லி அவர் அந்தத் தீவுக்குக் கடிதம் எழுதினார்.

இராமகிருஷ்ணன் அவளை நிறுத்தும் பேச்சை எடுக்கவே இல்லை. பொங்கலுக்குக் கரும்பு வாங்கும்போது அவளுக்கும் ஒரு கட்டு சேர்த்து வாங்கினார், அவ்வளவுதான். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அடுத்த வருஷம் உலகநாதன் வேறு இடத்து ஓலைகளோடு வந்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேம்புலியம்மாளைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தார். அவள் பின்னால் நகர்ந்தாள். "வேணாம் சார். நான் கதவுக்கு மட்டும் வெச்சிக்கிறேன்."

"பாருங்கம்மா முதல்ல."

புதுச் சீட்டுகள். நம்பர் பென்சிலால் எழுதி, மேலே கண்ணாடிக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் நம்பரை விட்டுத் தள்ளி, வலது ஓரத்தில், கவராயத்தால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

"இது இன்னாத்துக்கு சார்?"

"நெத்தி" என்றார் உலகநாதன். "துடைக்காம வைங்க."

அதே பெட்டியின் அடித்தட்டில் போன வருஷத்து பெயர் திரும்பாத இரண்டு பொட்டலமும் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட அவர் மனசு வரவில்லை போலிருக்கிறது. வேம்புலியம்மாள் கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்தாள், ஒரு சொட்டு தண்ணீர்கூட அதிகம் இல்லாமல். முதல் பொட்டை அந்த இரண்டுக்கும் வைத்துவிட்டு, பிறகுதான் புது வட்டங்களுக்கு வந்தாள்.